சங்கின் மிச்சம்

'வெள்ளிக் களிமண்' என்று ஒரு சமாச்சாரம் இருக்கிறது. ஜப்பான்காரர்கள் கண்டுபிடித்தது; 1990-களில் பிரபலமானது. வெள்ளியை மாவாகப் பொடித்து, பசையும் தண்ணீரும் விட்டுப் பிசைந்து, கையாலேயே கம்மலோ மோதிரமோ செய்து சுட வேண்டும். பசை எரிந்துபோய், அசல் வெள்ளி நகை கையில் நிற்கும்! பழைய சாமான்களிலிருந்து மீட்ட வெள்ளியிலும் இதைச் செய்கிறார்கள். புதிதாகச் சுரங்கம் தோண்ட வேண்டாம் என்பதால் அதற்கு ஏக மவுசு.

மிச்சத்தில் நகை செய்வது நமக்குப் புதுசா என்ன? தூத்துக்குடிப் பக்கம் வாருங்கள்.

பாண்டியரின் துறைமுகமான கொற்கையில் இன்று கடல் இல்லை. சில கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. முத்துக்குப் பேர்போன அந்த ஊரில் சங்கு வளையல் தொழிலும் நடந்தது. மீன்வளத் துறையில் இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் என்ற ஆங்கிலேயர் அங்கே அறுபட்ட சங்குத் துண்டுகளைக் கண்டெடுத்து, 1914-ல் வெளியான தன் சங்கு நூலில் பதிவு செய்தார்.

திருவிளையாடல் கதையில் நக்கீரரைச் சங்கறுக்கும் குலம் என்று சிவன் சீண்டுவாரே, அதே தொழில்தான். அகநானூற்றுப் புலவர் ஆவூர் மூலங்கிழாரோ இன்னும் ஒரு படி மேல். வளையலை அறுத்து எடுத்தபின் மிஞ்சிய சங்கு நுனி மாதிரி இருக்கிறதாம், மலராத பகன்றை மொட்டு! வளையலை விட்டுவிட்டுக் கழிவைப் பார்த்திருக்கிறார் மனுஷன்.

உண்மையில் சங்கில் கழிவு என்று எதுவுமே கிடையாது. சதை சாப்பாட்டுக்கு. நடுப்பகுதி வளையலுக்கு. மிஞ்சிய துண்டுகளில் மோதிரம், மணி. அதிலும் மிஞ்சியதைச் சுட்டால் சுண்ணாம்பு!

பிற்காலத்தில் அறுக்கும் தொழில் வங்காளத்தோடு நின்றுவிட்டது. அங்கே கல்யாணமான இந்துப் பெண்ணின் கையில் வெள்ளைச் சங்கு வளையல் மங்கலச் சின்னம். தூத்துக்குடியில் மூச்சடக்கி மூழ்கி எடுத்த சங்கு, கப்பலேறி டாக்காவுக்கும் கல்கத்தாவுக்கும் போனது. குளித்தவர் கூலியோடு சரி. வளையலின் லாபம் வேறு ஊருக்கு.

ஒரு நல்ல விதி மட்டும் இருந்தது. சங்கு குளிப்பு அரசாங்கத்தின் கையில் இருந்த காலத்தில், குறிப்பிட்ட அளவுக்குக் குறைந்த சங்கை உயிரோடு கடலிலேயே விட்டுவிட வேண்டும். சிறுசை விட்டால்தானே நாளைக்குப் பெரிசு கிடைக்கும்?

விசைப்படகின் இழுவை வலைக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. கடலின் தரையைத் தடவிக்கொண்டே போய், குஞ்சுச் சங்கையும் சேர்த்து வாரிக்கொண்டு வருகிறது.

ஒரு தொழில் கடலோடு போய்விட்டால் என்ன ஆகும் என்பது தூத்துக்குடிக்குப் புதிதல்ல. 1961-க்குப் பிறகு அங்கே முத்துக்குளிப்பு நடக்கவே இல்லை. பழைய வெள்ளியை உருக்கி மறுபடி நகை செய்யலாம். சங்கை அப்படிச் செய்ய முடியுமா? அது கடலுக்குள் வளர்ந்துதான் ஆக வேண்டும்.