பத்திராதிபர் நா. பொன்னையா

யாழ்ப்பாணத்திலே பத்திரிகைத் தொழில் மிகப் பழையது. 1841ஆம் ஆண்டில் உதயதாரகையைத் தொடங்கியவர்கள் அமெரிக்க மிஷனார். 1876இல் சத்தியவேத பாதுகாவலனைக் கத்தோலிக்கரும், 1889இல் இந்து சாதனத்தைச் சைவ பரிபாலன சபையாரும் தொடக்கினர். இவற்றுள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு திருச்சபையோ சங்கமோ நின்றது. நட்டம் வந்தால் தாங்குவதற்குப் பலருடைய கைகள் இருந்தன. 1930ஆம் ஆண்டு யூன் மாதம் 22ஆந் திகதி ஞாயிற்றுக்கிழமை, சுன்னாகத்திலிருந்து ஈழகேசரி என்னும் வார இதழ் வெளிவந்தபோது, அதற்குப் பின்னால் நின்றவர் ஒரேயொருவர். குரும்பசிட்டி நாகமுத்து பொன்னையா என்பது அவர் பெயர்.

குரும்பசிட்டி, வலிகாமத்தின் வடபாகத்திலே செம்மண் பூமியில் அமைந்த கமக்காரர் ஊர். 1892ஆம் ஆண்டிலே அங்குப் பிறந்த பொன்னையா கல்லூரிப் பட்டமோ பண்டிதப் பட்டமோ பெற்றவரல்லர். அக்காலத்து யாழ்ப்பாண இளைஞர் பலர் மலாயாவுக்கும் பர்மாவுக்கும் பொருள் தேடிப் போயினர். அவரும் பர்மா சென்று உழைத்துத் திரும்பினார். திரும்பியவர்களிற் பெரும்பாலோர் காணி வாங்குவர், கல்வீடு கட்டுவர். பொன்னையாவோ சுன்னாகத்திலே தனலக்குமி புத்தகசாலையை நிறுவினார். சந்தையும் புகையிரத நிலையமும் ஒருங்கேயுள்ள சுன்னாகத்தைத் தேர்ந்தது வணிகம் அறிந்தவர் செயல். புத்தகசாலையை அடுத்துத் திருமகள் அழுத்தகம் தோன்றியது. அழுத்தகம் என்றால் அச்சியந்திரசாலை. பள்ளிக்கூடப் பாடநூல்களை அச்சிட்டு விற்று வந்த பொருளைக் கொண்டே பின்னர் அவர் பெரிய காரியங்களைச் செய்தார். அந்த வரவு இல்லையாயின் ஈழகேசரியும் இல்லை, பின்னர் வந்த பெருநூல்களும் இல்லை.

ஈழகேசரி பிறந்து ஆறு வாரங் கழிந்து, ஆகத்து மாதம் 6ஆந் திகதி, கொழும்பிலே வீரகேசரி தோன்றியது. 1932இல் தினகரன் வந்தது. தலைநகரத்து நாளிதழ்கள் புகைவண்டியேறி வடக்கே வந்துசேர, வாரத்துக்கொருமுறை வரும் கிராமத்துப் பத்திரிகை செய்தியிலே அவற்றை முந்துவது நடவாத காரியம். டொனமூர் அரசியற் திட்டத்தின் கீழ் 1931இல் நடந்த சட்டசபைத் தேர்தலை, வாலிபர் காங்கிரசின் அறைகூவலை ஏற்று யாழ்ப்பாணம் புறக்கணித்த கொந்தளிப்பான காலம் அது. எழுதுவதற்குச் செய்திக்குக் குறைவில்லை. ஆயினும் ஈழகேசரி நிலைத்தது செய்தியாலன்று. கற்றோர் கட்டுரைக்கும், இளைஞர் கதைக்கும், மாணவர் எழுத்துக்கும் அது இடம் வகுத்தது. பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளையின் இலக்கியக் கட்டுரைகள் வந்த அதே பத்திரிகையிலே, இலங்கையர்கோன், சி. வைத்திலிங்கம், சம்பந்தன் ஆகியோருடைய சிறுகதைகளும் வந்தன. ஈழத்துச் சிறுகதையின் முன்னோடிகளென இன்று போற்றப்படுவோர் இம்மூவருமே. பண்டிதருக்கும் புத்திலக்கியக்காரருக்கும் ஒருவர்மேலொருவர் பெருமதிப்பு இருந்த காலமன்று அது. இரு சாராரையும் ஒரே பந்தியில் இருத்திய பத்திராதிபர், தாம் எந்தச் சாராரையும் சேராதவராயிருந்தமையே அதற்கு வாய்ப்பாயிற்று எனலாம்.

ஆசிரிய பீடத்திலும் தமக்குத் தெரியாததைத் தெரிந்தவரிடம் ஒப்படைக்க அவர் கூசியதில்லை. கரம்பொன்னைச் சேர்ந்த சோ. சிவபாதசுந்தரம் 1930களின் பிற்பகுதியில் இளம் பருவத்திலேயே ஈழகேசரியின் ஆசிரியரானார். வானொலி கேட்போருக்கு அவர் புதியவரல்லர். பின்னாளில் இலங்கை வானொலியிலும் இலண்டன் பீ.பீ.சி.யிலும் பணிபுரிந்து, அங்குள்ள தமிழ் நிகழ்ச்சிக்குத் தமிழோசை என்று பெயரிட்டவரும், ஒலிபரப்புக் கலை என்னும் நூலை எழுதியவரும் அவரே. கேட்டவுடன் விளங்கும் தமிழ் எழுதும் பழக்கத்துக்கு வாரந்தோறும் பத்திரிகைக்கு எழுதிய எழுத்து ஒரு பயிற்சியாயிருந்திருக்கும். அவருக்குப் பின் இராஜ அரியரத்தினம் நெடுங்காலம் ஆசிரியராக விளங்கினார். பொன்னையாவின் ஊரவரான கனக. செந்திநாதன், கரவைக்கவி கந்தப்பனார் என்னும் புனைபெயரில் ஈழத்துப் பேனா மன்னர்கள் என்ற வரிசையை எழுதியதும் ஈழகேசரியிலேதான். ஈழத்து எழுத்தாளரைப் பற்றி ஈழத்தவர் வாசிக்க வேண்டும் என்னும் எண்ணமே அன்று புதியது. தமிழ்நாட்டு இதழ்களையே பார்த்திருந்த கண்கள் அப்போதுதான் அயல்வீட்டையும் பார்க்கத் தொடங்கின.

பொன்னையா செய்தவற்றுள் மிகப் பெரியது தொல்காப்பியப் பதிப்பு. சுன்னாகத்திலிருந்து சில மைல் தொலைவிலுள்ள புன்னாலைக்கட்டுவனில் சி. கணேசையர் என்னும் பேரறிஞர் இருந்தார். நல்லூர் வித்துவசிரோமணி பொன்னம்பலபிள்ளையிடமும் சுன்னாகம் குமாரசுவாமிப் புலவரிடமும் பாடங்கேட்டவர் அவர். தொல்காப்பிய உரைகளில் ஐயமான இடங்கள் பலவற்றை ஆண்டுக்கணக்காக ஆராய்ந்து உரைவிளக்கக் குறிப்புகள் எழுதினார். சி. வை. தாமோதரம்பிள்ளை 1868இல் சேனாவரையத்தையும் 1885இல் பொருளதிகாரத்தையும் பதிப்பித்து அழியாது காத்தார். அவ்வுரைகளைப் படிப்பவனுக்கு விளங்கவைப்பது அடுத்த தலைமுறையின் கடன். அக்கடனைத் தீர்க்கும் அறிவு கணேசையரிடம் இருந்தது. பொருள்தான் இல்லை. இலக்கணக் குறிப்புகளை அச்சிட்டால் விலைப்படுமா என்று எந்தப் புத்தக வணிகரும் முதலிற் கேட்பர். பொன்னையாவும் புத்தக வணிகரே. அப்படியிருந்தும் அவர் அச்சிட்டார்.

எழுத்ததிகாரம் நச்சினார்க்கினியர் உரையோடு 1937இல் வெளிவந்தது. சொல்லதிகாரம் சேனாவரையர் உரையோடு 1938இல் வந்தது. பிறகு உலகப் போர் மூண்டது. கடதாசி கிடைப்பதே அரிதாயிற்று. பத்திரிகைகள் பக்கங்களைக் குறைத்தன. அந்த நெருக்கடியின் நடுவே, 1943இல், பொருளதிகாரத்தின் பின்னான்கியல்கள் பேராசிரியர் உரையோடு வெளிவந்தன. முன்னைந்தியல்கள் நச்சினார்க்கினியர் உரையோடு 1948இலேதான் வெளிவந்தன. பிற்பகுதி முன்னும் முற்பகுதி பின்னுமாக, பதினோராண்டு இழுத்து முடிந்த வேலை அது. மூலத்துக்கு ஓரெழுத்து, உரைக்கு ஓரெழுத்து, குறிப்புக்கு அதினுஞ் சிறிய எழுத்து என, ஈயவெழுத்தை ஒவ்வொன்றாகக் கையாற் பொறுக்கி அடுக்கும் அச்சுக்கோப்பாளருக்கு இலக்கண நூலைப்போல வருத்துவது பிறிதில்லை. ஒரு புள்ளி தவறினாலும் விதி மாறிவிடும். சுன்னாகத்துத் தொழிலாளர் அதைச் செய்து முடித்தனர். அவர்களுடைய பெயர்கள் தலைப்பேட்டிலே இல்லை. ‘சுன்னாகம் திருமகள் அழுத்தகம்’ என்னும் ஒரு வரிக்குள்ளே அவர்கள் அடங்கிவிட்டனர். தொல்காப்பியங் கற்போர் இன்றுங் கணேசையர் பதிப்பைத் தேடிப் படிக்கின்றனர்.

1951ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், அறுபது வயது நிரம்புமுன்னே பொன்னையா காலமானார். பத்திரிகை உடனே நின்றுவிடவில்லை. 1956இல் வெள்ளிவிழா மலரொன்று சிறப்பாக வந்தது. ஆனால் விழா மலர் வேறு, வாரந்தோறும் கடதாசிக்கும் கூலிக்கும் பணம் எண்ணிக்கொடுப்பது வேறு. நட்டமென்று தெரிந்தும் அடுத்த இதழுக்கு எழுத்துக்கோக்கச் சொல்லும் ஒருவர் இல்லாத பின், ஈழகேசரி ஏழாண்டே உயிர்வாழ்ந்தது. 1958இல் அது நின்றது. அவ்வாண்டு நவம்பரிலே கணேசையரும் மறைந்தார். அறிவாளரைத் தேடிச் சேர்த்த பொன்னையா, தமக்குப் பின் பத்திரிகையைத் தாங்குவதற்கு ஒரு சங்கத்தையோ நிதியையோ அமைத்து வைக்கவில்லை. அவர் முயற்சியிலே குறை காண்பதாயின் இதனைத்தான் காணவேண்டும். திருச்சபையின் உதயதாரகையும் சைவ பரிபாலன சபையின் இந்து சாதனமும் அவரினும் நெடுங்காலம் நின்றமைக்குக் காரணமும் இதுவே.

பழைய பத்திரிகைகளுக்கு யாழ்ப்பாணத்திலே நேர்ந்த கதி நாடறிந்தது. 1981ஆம் ஆண்டு யூன் மாதத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டபோது 90,000க்கு மேற்பட்ட நூல்களும் ஏடுகளும் சாம்பராயின. 1990இல் குரும்பசிட்டி மக்கள் ஊரை விட்டுப் பெயர்ந்தனர்; வீடுகளிலே அடுக்கி வைத்திருந்த இதழ்களும் மலர்களும் வீடுகளோடு போயின. ஆயினும் வேறிடங்களிலே தப்பிய ஈழகேசரி இதழ்கள் பல தேடி எடுக்கப்பட்டு, ஒவ்வொரு பக்கமாகப் படம்பிடிக்கப்பட்டு, நூலகம் என்னும் இணையத் தொகுப்பிலே சேர்க்கப்பட்டுள்ளன. வெள்ளிவிழா மலரும் அங்கே உண்டு. சில பக்கங்கள் ஓரங் கிழிந்தும் சில பூச்சியரித்தும் இருந்தாலும், எழுத்துத் தெளிவாகவே இருக்கிறது.