எதுவும் நடக்காத ஊரின் அரசியல்

ஓர் ஊரில் சங்கம் இல்லை, ஊர்வலம் இல்லை, வேலைநிறுத்தம் இல்லை. அங்கே அரசியல் இருக்கிறதா? கேள்வித்தாளோடு போகிற ஆய்வாளர் 'இல்லை' என்று குறித்துவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்துவிடுவார். நானும் பல வருஷம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஜேம்ஸ் ஸ்காட்டைப் படித்தபோது அந்த எண்ணம் ஆட்டங்கண்டது.

அமெரிக்க அரசியல் அறிஞரான ஸ்காட் 1976இல் வெளியிட்ட நூல், காலனிய பர்மா, வியட்நாம் விவசாயிகளின் கலகங்களைப் பற்றியது. பெரிதும் ஆவணங்களை நம்பி எழுதப்பட்டது. ஆவணத்தில் விவசாயி எப்போது வருகிறான்? வரி கட்டும்போது எண்ணாக, கலகம் செய்யும்போது குற்றவாளியாக. இடைப்பட்ட நாட்களில் அவன் கிடையாது. 1978 முதல் 1980 வரை மலேசியாவின் கெடா மாநிலத்தில், சுமார் 70 குடும்பங்கள் வாழ்ந்த ஒரு நெல் கிராமத்திலேயே ஸ்காட் போய்த் தங்கினார். 'செடாகா' என்பது அவர் அந்த ஊருக்கு வைத்த புனைபெயர்.

பாசனத் திட்டத்தால் அங்கே இருபோகம் வந்திருந்தது. பின்னாலேயே அறுவடை இயந்திரமும் வந்து ஏழைகளின் அறுப்புக் கூலியைப் பறித்தது. கலகம் வெடிக்கவில்லை. ஆனால் இரவில் நெல்மூட்டைகள் காணாமல் போயின. அந்த வட்டாரத்தில் இயந்திரங்களின் எண்ணெய் டாங்கியில் மணல் விழுந்தது. இயந்திரம் வைத்து அறுத்தவர்களின் வயலுக்கு நடவுக்குப் போகாமல் பெண்கள் சாக்குச் சொன்னார்கள். ஏழை சோம்பேறி என்றார்கள் பணக்காரர்கள். பணக்காரன் கஞ்சன் என்றார்கள் ஏழைகள். ஒரே மாற்றத்துக்கு இரண்டு வரலாறுகள். எதிரில் பணிவு, முதுகுக்குப் பின்னால் பட்டப்பெயர். கேள்வித்தாளுக்குக் கிடைப்பது அந்தப் பணிவு மட்டும்தான். மற்றதைக் கேட்க ஊரிலேயே கிடக்க வேண்டும். 'எளியோரின் ஆயுதங்கள்' என்று பொருள்படும் தலைப்பில் 1985இல் வந்த அவரது நூலின் முறையியல் இதுதான்.

'சரி, இதுல புரட்சி எங்கே?' என்று தோழர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. இயந்திரம் நிற்கவில்லை. வெளியாட்களை இறக்கத் தொடங்கியதும் பெண்களின் மறுப்பு கலைந்துபோனது. ஸ்காட் இதை மறைக்கவில்லை.

என்னை உறுத்துவது வேறொன்று. மறைந்திருப்பதே இந்த எதிர்ப்பின் பலம் என்றால், அதை அச்சில் ஏற்றுவது யாருக்கு உதவும்? புனைபெயர் ஊரைக் காப்பாற்றும், தந்திரத்தைக் காப்பாற்றாது. இதற்கு என்னிடம் விடை இல்லை.

ஆனால் ஒன்று சொல்லலாம். 'விழிப்புணர்வு இல்லாத மக்கள்' என்று நாம் அறிக்கை எழுத உட்காரும்போது, நம் முன்னால் வாய் திறக்காமல் இருந்தார்களே, அவர்கள் நம்மை எந்தப் பக்கத்தில் வைத்திருந்தார்கள் என்பதையும் யோசித்துவிட்டு எழுதலாம்.