ஆபிரகாமிய மதங்கள்: பாலக்காடு, இடுக்கி எல்லைப்புறம்

ஆபிரகாமை மூதாதையாகக் கொள்ளும் யூதம், கிறித்தவம், இஸ்லாம் ஆகிய மூன்றில் பின்னிரண்டே இங்கு வேரூன்றியுள்ளன. பாலக்காட்டுத் தமிழ் முஸ்லிம்களான இராவுத்தர்கள் ஹனபி சட்டவழியினர். மலபார் முஸ்லிம்களான மாப்பிள்ளைமார் ஷாபி சட்டவழியினர். மூணாறு மவுண்ட் கார்மல் ஆலயம் 1898இல் தோன்றியது. தேயிலைத் தோட்டத் தமிழரில் கணிசமானோர் கிறித்தவர். யூதத்துக்கு அருகில் உள்ள ஒரு தடம் கொச்சியில், 1568இல் எழுந்த பரதேசி ஜெபாலயம்.

ஒரே இறைவன், இறைவாக்கினர், தானம், நோன்பு ஆகியவை மூன்றுக்கும் பொது. பிரிவு இயேசுவிடம் தொடங்குகிறது. கிறித்தவருக்கு அவர் இறைமகன். முஸ்லிம்களுக்கு ஈசா நபி, மர்யமின் மகன், இறைத்தூதர். யூதர் அவரை மெசியாவாக ஏற்பதில்லை. ஆபிரகாம் பலியிடத் துணிந்த மகன் ஈசாக்கு என்கிறது விவிலியம். இஸ்மாயில் என்பது பெரும்பாலான முஸ்லிம்களின் நம்பிக்கை. பக்ரீத் அந்நினைவில் வருவது. யூதருக்கு ஓய்வுநாள் சனி, கிறித்தவருக்கு ஞாயிறு. முஸ்லிம்களுக்கு வெள்ளி கூட்டுத்தொழுகை நாளே, ஓய்வுநாள் அல்ல.

இம்மதத்தார் கேரளத்தில் அருகருகே இருந்ததற்கு அரிய சான்று, 849ஆம் ஆண்டுத் தரிசாப்பள்ளிச் செப்பேடு. கொல்லத்துக் கிறித்தவ ஆலயத்துக்கு வேணாட்டு அய்யனடிகள் தந்த உரிமைகளுக்கு அரபு, பஹ்லவி, எபிரேய எழுத்துகளில் சாட்சிகள் கையொப்பமிட்டனர்.