தோட்டத்தின் இரண்டாவது வாசல்

நியூயார்க்கின் புரூக்ளின் தாவரவியல் தோட்டத்துக்குள் 1955-ஆம் ஆண்டு ஒரு சிறு தோட்டம் அமைக்கப்பட்டது. பெயர் 'நறுமணத் தோட்டம்'. வடிவமைத்தவர் ஆலிஸ் ஐரிஸ் என்ற பெண்மணி. பார்வையற்றவர்களை மனதில் கொண்டு அமெரிக்காவில் உருவாக்கப்பட்ட முதல் தோட்டம் இதுதான் என்கிறார்கள். பாத்திகளை உயர்த்திக் கட்டியிருப்பதால் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே செடிகளைத் தொடலாம், முகரலாம். பெயர்ப் பலகைகளில் பிரெய்ல் எழுத்தும் உண்டு.

1990-களில் தோட்டங்களுக்கு இரண்டாவது வாசல் ஒன்று வந்தது. அதுதான் இணையதளம்! திறக்கும் நேரம், நுழைவுக் கட்டணம், வரைபடம், பின்னர் டிக்கெட் என எல்லாம் அங்கே போய்விட்டன. ஆனால் வரைபடத்தை வெறும் படமாகப் போட்டால், எழுத்தைக் குரலாக்கித் தரும் திரை வாசிப்பான் மென்பொருளுக்கு அதில் படிக்க ஒன்றும் இருக்காது. மவுஸ் இல்லாமல் நகராத டிக்கெட் படிவமும் அப்படித்தான். வாசலில் சாய்தளம் கட்டிய தோட்டமே இணையத்தில் படிக்கட்டு வைத்தது போல ஆயிற்று.

சட்டம் இதற்குத் தயாராக இல்லை. அமெரிக்காவின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் கையெழுத்தானது 1990 ஜூலையில். பொதுமக்களுக்கு வலை அறிமுகமானதோ 1991-இல். எனவே சட்டத்தில் இணையதளம் என்ற பேச்சே இல்லை. 1999 மே மாதம் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 14 வழிகாட்டுதல்களை வெளியிட்டது. படத்துக்கும் ஒலிக்கும் ஈடான மாற்று வடிவம் தர வேண்டும் என்பது முதலாவது. ஆனால் இவை பரிந்துரைகள் மட்டுமே.

பரிந்துரைக்குப் பல் முளைத்தது ஆஸ்திரேலியாவில். சிட்னி ஒலிம்பிக் இணையதளத்தைத் தன்னால் படிக்க முடியவில்லை என்று புரூஸ் மகுவயர் என்ற பார்வையற்றவர் 1999-இல் புகார் செய்தார். திருத்துவதற்குச் செலவு அதிகம் என்று அமைப்புக் குழு வாதாடியது. மனித உரிமை ஆணையம் அதை ஏற்கவில்லை. 2000-இல் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. 20,000 ஆஸ்திரேலிய டாலர் இழப்பீடும் கிடைத்தது.

தோட்டங்களுக்கு இந்தக் கடமை வந்து சேரப் பல ஆண்டுகள் ஆயின. பிரிட்டனில் 2018-இல் வந்த விதிகள், பொதுத்துறை இணையதளங்கள் 2020 செப்டம்பர் 23-க்குள் அணுகத்தக்கவையாக இருக்க வேண்டும் என்றன. 1840-இல் அரசின் கைக்கு வந்த கியூ தோட்டமும் இதற்கு உட்பட்டதே. தளத்தில் எந்தப் பகுதி இன்னும் சரியில்லை என்பதையும் வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். அமெரிக்க நீதித்துறை 2024 ஏப்ரலில்தான் மாநில, உள்ளாட்சி அரசுகளின் தளங்களுக்குத் தொழில்நுட்பத் தரத்தை விதியாக்கியது. நகராட்சிப் பூங்காக்களின் தளங்களும் அதற்குள் வருகின்றன.

1955-இல் பாத்தியை உயர்த்தும்படி எந்தச் சட்டமும் சொல்லவில்லை. யார் வருவார்கள் என்று வடிவமைத்தவர் முன்கூட்டியே யோசித்தார். இணைய வாசலில் அந்த யோசனை வர வழக்கும் விதியும் தேவைப்பட்டன.