புத்தகத்தில் உள்ள பெயர்: திருகோணமலையில் வாகன உரிமைப் பதிவு வந்த வழி

கிண்ணியாவில் ஒரு கராஜில் பழைய லொறி ஒன்றை வாங்க வந்தவர், என்ஜின் பக்கம் போவதற்கு முன்னர் செசி நம்பரைத் தேடினார். மண்ணெண்ணெய்த் துணியால் இரும்பைத் துடைத்து, மெல்லிய தாளை அதன்மேல் வைத்துப் பென்சிலால் தேய்த்தார். உப்புக்காற்று தின்ற துருவுக்குள்ளிருந்து இலக்கங்கள் ஒவ்வொன்றாகத் தாளில் எழுந்தன. இரண்டு மட்டும் மங்கலாக விழுந்தன. அதன் பிறகே 'புத்தகம்', அதாவது சீ.ஆர். எனப்படும் பதிவுச் சான்றிதழைக் கேட்டார். அதில் இருந்த பெயர் விற்க வந்தவருடையதும் இல்லை, அவருக்கு விற்றவருடையதும் இல்லை. அதற்கும் முந்திய ஒருவர் கையொப்பம் மட்டும் வைத்து, திகதியும் வாங்குபவர் பெயரும் எழுதாமல் கொடுத்த எம்.டி.ஏ. 6 என்ற உடைமை மாற்றப் படிவம் கைமாறிக் கைமாறி அங்கே வந்து சேர்ந்திருந்தது. 'ஓப்பன் பேப்பர்' என்று ஊரில் சொல்வது இதைத்தான்.

காணிக்கு உறுதி எப்படியோ, வாகனத்துக்குச் சீ.ஆர். அப்படி என்றே நம் மக்கள் எண்ணிவருகிறார்கள். இந்த எண்ணத்துக்கும் சட்டத்துக்கும் இடையில் ஒரு வெளி உண்டு. ஓப்பன் பேப்பர் பிறந்ததும் வளர்ந்ததும் அந்த வெளியில்தான். இதை மக்களின் கவனக்குறைவு என்று ஒதுக்குவது எளிது. ஆனால் பதிவேட்டின் வரலாற்றைப் பார்த்தால், உரிமையைக் காப்பதற்கென்று அது தொடங்கப்படவில்லை என்பது புலப்படும்.

இலங்கையில் அசையும் பொருள் ஒன்றின் உரிமை விற்பவரிடமிருந்து வாங்குபவருக்குச் செல்வது 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்தின்படி. உரிமை எப்போது மாற வேண்டுமென்று இரு தரப்பும் கருதினார்களோ, அப்போது அது மாறுகிறது. மாட்டுவண்டிக்கும் தையல் மெசினுக்கும் இதே விதிதான். மோட்டார் வந்தபோது அதற்கென்று வேறு உரிமை விதி எழுதப்படவில்லை. 1927ஆம் ஆண்டின் 20ஆம் இலக்க மோட்டார் கார் கட்டளைச் சட்டம், 1938ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம், இன்றுவரை நடைமுறையில் உள்ள 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டம் ஆகிய மூன்றும் வீதி, வரி, காப்புறுதி, விபத்து ஆகியவற்றைக் கருதி எழுந்தவை. 1951ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12ஆம் பிரிவு பேசுவது 'உடைமை மாற்றம்' பற்றி: வாகனம் யார் கைவசம் போனது என்பதே அதன் கேள்வி. புதிதாகப் பெற்றவர் 14 நாட்களுக்குள் பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். வீதியில் ஒரு வண்டி யாரையாவது மோதினால் அரசு யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்பதற்கான ஏற்பாடு இது. உடைமையும் உரிமையும் ஒன்றல்ல என்பது நீதிமன்றத்தில் நின்றவர்களுக்குத் தெரியும்.

துறைமுக ஊரில் இருந்து பார்க்கும்போது இந்த வேறுபாடு இன்னும் தெளிவாகத் தெரிகிறது. பிரித்தானிய வணிகக் கப்பல் சட்டத்தில் ஒரு கப்பலின் உரிமை 64 பங்குகளாகப் பிரிக்கப்பட்டது. எந்தப் பங்கு யாருடையது, எது ஈடு வைக்கப்பட்டது, எந்த ஒழுங்கில் வைக்கப்பட்டது என்பதெல்லாம் பதிவேட்டில் ஏறின. கப்பலுக்குப் பதிவேடே உறுதி. இறங்குதுறையில் அந்தக் கப்பலின் சரக்கை ஏற்றிச் சென்ற லொறிக்கு அப்படியொரு பதிவேடு கிடைக்கவில்லை. உள்துறைமுகக் கரையில் கிடக்கும் கண்ணாடியிழை வள்ளங்களைப் பாருங்கள்: பக்கவாட்டில் எழுதிய இலக்கத்தின் முடிவில் ரீ.சீ.ஓ. என்று திருகோணமலைக் குறி இருக்கும். அது கடற்றொழில் திணைக்களத்தின் பதிவு, வேறு ஏடு. ஒரே குடும்பத்திடம் வள்ளமும் மோட்டார் சைக்கிளும் இருந்தால், இரண்டு திணைக்களங்களின் இரண்டு ஏடுகளில் அவர்கள் பெயர் இருக்கிறது.

பதிவேட்டின் வெளிமுகம் இலக்கத்தகடு. அந்தத் தகட்டுக்காகத் தமிழ் மக்கள் பட்ட பாடு தனியே எழுதப்பட வேண்டியது. ஆங்கிலேயர் காலத்துத் தகடுகளில் ஆங்கில எழுத்துகள் இருந்தன. 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் தமிழரசுக் கட்சி திருமலை யாத்திரை நடத்தி, இந்த ஊரில் மாநாடு கூட்டியது. அதையடுத்து ஆங்கில எழுத்துக்குப் பதிலாகச் சிங்கள 'ஸ்ரீ' தகட்டில் ஏறியது. 1957 தொடக்கத்தில் ஸ்ரீ எதிர்ப்பு இயக்கம் தொடங்கியது. அவ்வாண்டு பெப்ரவரி 4, சுதந்திர தினத்தன்று, திருகோணமலையில் கறுப்புக் கொடி ஏற்ற முயன்ற இளைஞர் நடராசன் சுடப்பட்டு இறந்தார். அதே ஆண்டு ஒக்டோபரில் பிரித்தானியக் கடற்படைத் தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டது. ஒரே ஆண்டில் துறைமுகம் நாட்டின் கைக்கு வந்தது. நாட்டின் வீதியில் ஓடும் வண்டியின் தகடு தமிழர் கையை விட்டுப் போனது.

1958 சனவரி முதலாம் திகதி பஸ் சேவைகள் தேசியமயமாகி இலங்கைப் போக்குவரத்துச் சபை பிறந்தது. ஸ்ரீ தகடு தாங்கிய அரசுப் பஸ்கள் வடக்குக்கு அனுப்பப்பட்டபோது அந்த எழுத்தை அழிக்கத் தார்ச் சட்டியும் தூரிகையும் வெளியே வந்தன. முந்திய யூலையில் கைச்சாத்தான பண்டாரநாயக்க–செல்வநாயகம் ஒப்பந்தம் ஏப்ரலில் கைவிடப்பட்டது. மே மாதம் கலவரம். எழுத்தொன்றுக்கு இவ்வளவா என்று இன்றைய தலைமுறை கேட்கலாம். வண்டி தன்னுடையது என்பதற்கு வெளியே தெரியும் ஒரே அடையாளம் அந்தத் தகடுதான். தன் சொத்தின் நெற்றியில் தன் மொழிக்கு இடமில்லை என்பதை மனிதர் எப்படித் தாங்குவார்?

பின்னர் ஸ்ரீ வரிசை தீர்ந்தது. இலக்கமும் கோடும் மட்டுமே கொண்ட வரிசை வந்தது. 2000ஆம் ஆண்டையொட்டி ஆங்கில எழுத்தும் மாகாணக் குறியும் வந்தன. கிழக்குக்கு ஈ.பீ. மாகாணம் மாறி விற்றால் தகடும் மாற வேண்டும் என்ற செலவும் கூடவே வந்தது. 2023 முதல் மாகாணக் குறி கைவிடப்பட்டது.

சீ.ஆரில் இன்னொரு கட்டம் உண்டு: முழு உரிமையாளர். லீசிங்கில் எடுத்த ஓட்டோவுக்கு ஓட்டுபவர் பதிவுசெய்த உரிமையாளர், நிதிக் கம்பனி முழு உரிமையாளர். 1982ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டமும், 2000ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க நிதிக் குத்தகைச் சட்டமும் இந்த ஏற்பாட்டுக்குப் பின்னால் இருக்கின்றன. காசு கொடுத்தவரின் உரிமைக்குப் புத்தகத்தில் ஒரு கட்டம் கிடைத்தது. காசு கொடுத்துக் கைமாறி வாங்கியவருக்கோ 14 நாள் கெடு மட்டுமே கிடைத்தது.

அந்த 14 நாட்களை மூதூரில் இருந்து எண்ணிப் பார்க்க வேண்டும். 2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும் வரை நகரத்துக்கு வரும் வண்டிகள் 'பாதை' எனப்படும் மிதவைக்குக் காத்திருந்து அக்கரை ஏறின. பதிவுக்குப் போகவேண்டிய கொழும்பு அங்கிருந்து 250 கிலோமீற்றருக்கு மேல். போர்க்காலத்தில் இடையே எத்தனையோ சோதனைச் சாவடிகள். இடம்பெயர்ந்த குடும்பம் அடையாள அட்டையைப் பையில் போட்டுக்கொண்டு ஓடும், சீ.ஆர். அலுமாரியிலேயே கிடந்துவிடும். 2004 திசம்பர் 26இல் அலுமாரியையே கடல் கொண்டுபோனது. விற்றவர் இந்தியாவிலோ கனடாவிலோ இருப்பார். மீண்டும் ஒரு கையொப்பம் வாங்க வழியிருக்காது. இப்படியொரு மண்ணில் முன்கூட்டியே கையொப்பம் வாங்கி வைத்துக்கொள்வது ஏமாற்று வேலை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆபத்து ஆபத்துத்தான்: விபத்து நடந்தால் எப்போதோ விற்றவரைத் தேடிப் பொலிஸ் போகும், அவர் இறந்துவிட்டால் அந்த வெற்றுப் படிவத்துக்கு உயிரில்லை.

1987இன் 13ஆம் திருத்தம் வாகன அனுமதிக் கட்டணத்தை மாகாண சபைகளுக்குக் கொடுத்தது. கிழக்கு மாகாணத் தலைநகரான திருகோணமலையில் ஆண்டுதோறும் எடுக்கும் ரெவனியூ லைசன்சுக்குக் காப்புறுதிப் பத்திரம், புகைப் பரிசோதனைச் சான்று போன்றவை போதும். பிரதேச செயலகத்தில் காரியம் முடியும். உரிமையாளர் பெயர், வாகனப் பதிவைக் கவனிக்கும் மத்திய அரசின் திணைக்களத்திடமே தங்கியது. வரி உள்ளூரில், பெயர் கொழும்பில். பழைய பெயரிலேயே வரியைக் கட்டிக்கொண்டு ஒருவர் பத்து ஆண்டு வண்டி ஓட்டலாம் என்ற நிலை இதனால் வலுத்தது.

அந்த நிலையை உலுக்கியது 2022. எரிபொருள் தட்டுப்பாட்டின்போது யூலையில் அறிமுகமான தேசிய எரிபொருள் அட்டைக்கு வாகன இலக்கமும் செசி நம்பரும் அடையாள அட்டை இலக்கமும் கேட்டார்கள். ஒரு நூற்றாண்டாகப் புத்தகத்துக்குள் கிடந்த விவரம் முதன்முதலாகப் பெற்றோல் செட்டில் உயிர்பெற்றது. சீனக்குடாவில் பிரித்தானியர் கட்டிய 99 எண்ணெய்த் தாங்கிகள் நிற்கும் மாவட்டத்தில், மக்கள் இரவு பகலாக வரிசையில் நின்றார்கள். 2020இல் நிறுத்திய வாகன இறக்குமதி 2025 பெப்ரவரி வரை தனியார் கார்களுக்குத் திறக்கப்படாததால், அந்த ஐந்து ஆண்டும் பழைய வண்டிகளே கைமாறின. பேப்பர்களும் கூடவே கைமாறின.

கிண்ணியா லொறி அன்று விலைபோகவில்லை. மங்கிய இரண்டு இலக்கங்களை வாங்க வந்தவர் மூன்று முறை தேய்த்துப் பார்த்தார். பிறகு தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, புத்தகத்தில் இருந்த பெயருக்குரியவர் இப்போது எந்த ஊரில் இருக்கிறார் என்று விற்பவரிடம் கேட்டார்.