மீண்டும் மேடையேறிய முதியவர்கள்

கலைஞன் முதுமை எய்தியபின் உலகம் அவனை மறந்துவிடுவது புதுமையன்று. மறந்த உலகமே அவனைத் தேடிச் சென்று மீண்டும் மேடையில் அமர்த்துவதுதான் அருமை. 1963, 1964ஆம் ஆண்டுகளில் அமெரிக்க ஐக்கிய நாட்டில் அவ்வாறு நிகழ்ந்தது. அவ்வரலாற்றை அன்பர்களுக்குச் சுருக்கமாக எடுத்துரைக்க விழைகின்றோம்.

அந்நாட்டின் தென்பகுதியில் மிசிசிப்பி என்னும் மாநிலம் உளது. அங்கே பருத்தி வயல்களில் உழைத்த கறுப்பின மக்கள் தம் துன்பத்தையும் காதலையும் கிதார் வாத்தியத்தோடு இசைத்துப் பாடினர். அவ்விசைக்கு 'புளூஸ்' என்று பெயர். 1920களில் இசைத்தட்டுக் கம்பெனிகள் இப்பாடகர்களை அழைத்துப் பாட்டுகளைப் பதிவு செய்தன. ஆனால் 1929இல் தொடங்கிய பொருளாதார மந்தம் அத்தொழிலை நிலைகுலையச் செய்தது. பாடகர்கள் ஊர் திரும்பி ஏர் பிடித்தனர். இசைத்தட்டுகள் மட்டும் பழம்பொருள் சேகரிப்போர் கையில் எஞ்சின.

அவ்வாறு மறக்கப்பட்டோருள் ஒருவர் மிசிசிப்பி ஜான் ஹர்ட். 1928இல் இவர் பாடிய இசைத்தட்டுகள் மிகுதியாக விலைபோகவில்லை. ஹாரி ஸ்மித் என்பவர் 1952இல் வெளியிட்ட பழம்பாடல் திரட்டில் இவருடைய பாட்டுகள் இரண்டு இடம்பெற்றன. கேட்டவர்கள் வியந்தனர், பாடியவர் உயிரோடு இருக்கிறாரா என்பதைத்தான் எவரும் அறியார். ஆயினும் தம் பாட்டு ஒன்றில் அவர் அவலான் என்னும் தம் ஊரின் பெயரைச் சொல்லியிருந்தார். அதனையே துப்பாகக் கொண்டு டாம் ஹாஸ்கின்ஸ் என்னும் இளைஞர் 1963இல் அவ்வூருக்குச் சென்றார். எழுபது வயதளவில் இருந்த முதியவர் அங்கேயே வாழ்ந்துகொண்டிருந்தார். முன்பின் அறியாத வெள்ளையர் ஒருவர் தம்மைத் தேடி வருவது கண்டு, காவல் துறையினரோ என்று அவர் அஞ்சினாராம். அக்காலத்து மிசிசிப்பியில் கறுப்பின மக்கள் இருந்த நிலையை இவ்வொரு செய்தியே காட்டும். அதே ஆண்டில் நியூபோர்ட் நகர நாட்டுப்பாடல் விழாவில் அவர் பாடினார்; பெருங்கூட்டம் மெய்ம்மறந்து கேட்டது.

இரண்டாமவர் சன் ஹவுஸ். இவர் வரலாறு இரயில்வே ஊழியர்களாகிய நமக்கு நெருங்கியது. 1930இல் இசைத்தட்டுகளில் பாடிய இவர், 1943இல் வடக்கே ராச்செஸ்டர் நகருக்குக் குடிபெயர்ந்து, நியூயார்க் சென்ட்ரல் இரயில்வேயில் போர்ட்டர் வேலை பார்த்தார். கிதாரைக் கைவிட்டார். 1964 ஜூன் மாதத்தில் டிக் வாட்டர்மன் முதலிய மூன்று இளைஞர்கள், முதலில் மிசிசிப்பியில் தேடிப் பின் ராச்செஸ்டரில் இவரைக் கண்டனர். அவருக்கோ தம் பழைய பாட்டுகளே மறந்துபோயிருந்தன! ஆலன் வில்சன் என்னும் இருபது வயதளவினரான இளைஞர், பழைய இசைத்தட்டுகளைக் கேட்டுக் கேட்டுத் தாம் கற்றிருந்தவற்றை, அவற்றைப் பாடியவருக்கே திரும்ப வாசித்துக் காட்டினார். மாணவன் ஆசிரியருக்கு அவருடைய பாடத்தையே நினைவூட்டிய இக்காட்சி இசையுலகில் எளிதில் கிடைப்பதன்று. 1965இல் கொலம்பியா கம்பெனி அவரைப் பாடவைத்துப் பதிவு செய்தது. அவர் 1988 வரை வாழ்ந்தார்.

மூன்றாமவர் ஸ்கிப் ஜேம்ஸ். 1931இல் பதிவு செய்யப்பட்ட இவரை 1964இல் இளைஞர்கள் கண்டபோது, மிசிசிப்பியின் டுனிகா ஊர் மருத்துவமனையில் நோயாளியாகக் கிடந்தார். சில வாரங்களில் அவரும் நியூபோர்ட் மேடையில் பாடினார். ஆனால் கைதட்டல் மருந்துச் செலவைக் கொடுக்குமா? 1966இல் 'கிரீம்' என்னும் ஆங்கிலேய இசைக்குழு அவருடைய பாட்டு ஒன்றைப் பதிவு செய்தது. அதற்குரிய உரிமைத்தொகை அவருக்கு வந்து சேர்ந்தது. இதுவே முதுமையில் அவருக்குக் கிடைத்த உறுதியான பொருளுதவி எனலாம்.

இவ்வரலாற்றின் துயரையும் மறைத்தல் ஆகாது. ஹர்ட் 1966இல் காலமானார். ஜேம்ஸ் 1969இல் மறைந்தார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தவர்களுக்கு உலகம் அளித்த இரண்டாம் வாழ்வு மூன்றாண்டும் ஐந்தாண்டுமே. தேடியவர்கள் பத்தாண்டு முன்னரே புறப்பட்டிருந்தால் எத்துணைப் பாட்டுகள் எஞ்சியிருக்கும்!

கண்டுபிடிப்பது மட்டும் போதாது என்பதை வாட்டர்மன் உணர்ந்தார். முதிய கலைஞர்களுக்குக் கச்சேரி ஏற்பாடு செய்யவும், பேசிய பணத்தைப் பெற்றுத் தரவும் ஒரு நிறுவனம் தொடங்கி, அதற்கு ஹர்ட்டின் ஊர்ப்பெயரையே சூட்டினார். பின்னர் 1994இல் வட கரோலினா மாநிலத்தில் டிம் டஃபி, அவர் மனைவி டெனிஸ் இருவரும் 'மியூசிக் மேக்கர்' என்னும் அறநிலையத்தை நிறுவினர். வறுமையில் வாடும் முதிய இசைவாணருக்கு உணவு, மருந்து முதலிய அன்றாடத் தேவைகளுக்கு உதவுவதும், பாடுவதற்கு மேடை தேடித் தருவதும் அதன் பணி.

ஆக, முதிய கலைஞருக்கு வேண்டுவன நான்கு: கையில் வாத்தியம், பாட மேடை, உழைப்புக்கேற்ற ஊதியம், உடல்நலப் பேணுகை. இந்நான்கில் ஒன்று குறைந்தாலும் மற்றவை நிலைபெறா.

தமிழகத்தைவிட்டு நெடுந்தொலைவு வந்து வாழும் நாமும் இதனைச் சிந்தித்தல் நன்று. நம் விழாக்களில் முதிய நாகசுரக் கலைஞருக்கோ வீணை வித்துவானுக்கோ பொன்னாடை போர்த்துகிறோம். நாலு வார்த்தை புகழ்ந்து பேசுகிறோம். பின்னர் முன்வரிசையில் அமரச் செய்து, பிறர் கச்சேரியைக் கேட்குமாறு விட்டுவிடுகிறோம். அவருக்கு அரைமணி நேரக் கச்சேரி தருவோம். போகவரச் செலவும் சன்மானமும் முன்கூட்டியே பேசிக் கொடுப்போம். நம் பிள்ளைகளில் இருவரை அவர் பக்கத்தில் அமர்த்திப் பாடம் கேட்கச் செய்வோம். பொன்னாடை பெட்டிக்குள் போய்விடும். பிள்ளைகள் கற்ற பாட்டு வீட்டில் ஒலித்துக்கொண்டிருக்கும்.