சத்தத்துக்குக் கணக்கு வேணும்

ஹெலிகாப்டர் தாழப் பறந்தா டவுன்ல இருக்கிறவங்களுக்கு அது வேடிக்கை. கோழி வளர்க்கிறவனுக்கு அப்படி இல்லை. மிரண்ட கோழிங்க ஒரே மூலையில ஒண்ணுமேல ஒண்ணு ஏறும். அடியில மாட்டினது மூச்சடைச்சுச் செத்துப்போகும். "சத்தத்துக்கெல்லாம் கோழி சாகுமா?"ன்னு கேட்பீங்க. அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரைக்கும் போன கேள்வி இது.

அங்கே வட கரோலினாவில, கிரீன்ஸ்பரோ ஊர்ப் பக்கம் தாமஸ் லீ காஸ்பின்னு ஒரு விவசாயி. 2.8 ஏக்கர் நிலம், வீடு, கோழிக் கொட்டகை. 1942ல பக்கத்து விமான நிலையத்தை ராணுவம் பயன்படுத்த ஆரம்பிச்சது. போர் விமானங்கள் அவர் நிலத்துக்கு 83 அடி மேலே பறந்து இறங்கின. நல்லா வளர்ந்த தென்னை உயரம்னு வச்சுக்குங்க. மிரண்டு சுவத்துல மோதி ஒரே நாள்ல 6, 10ன்னு கோழிகள் செத்தன. மொத்தம் சுமார் 150. வீட்ல யாருக்கும் சரியான தூக்கமில்லை. கடைசியில கோழித் தொழிலையே விட்டுட்டார்.

நிலம் வச்சிருக்கிறவனுக்கு அதுக்கு மேல இருக்கிற வானமும் முழுக்கச் சொந்தம் என்பது பழைய சட்டக் கொள்கை. 1946 மே 27ல வந்த தீர்ப்பு, இந்தக் காலத்துல அதுக்கு இடமில்லைன்னு சொல்லிடுச்சு. ஆனா நிலத்தை அனுபவிக்க முடியாத அளவுக்குத் தாழ்வா, அடிக்கடி பறந்தா, அரசாங்கம் அந்த நிலத்துல ஒரு உரிமையை எடுத்துக்கிட்ட மாதிரிதான். அதனால இழப்பீடு தரணும்னும் சொல்லிச்சு.

ஹெலிகாப்டர் கதை வேற. விமானத்துக்கு இருக்கிற குறைந்தபட்ச உயரக் கட்டுப்பாடு, கீழே இருக்கிறவங்களுக்கு ஆபத்து இல்லாதவரை ஹெலிகாப்டருக்கு இல்லை. புளோரிடாவில கிராமப்புறத்துல ஒருத்தரோட 5 ஏக்கர் இடத்துக்கு மேல 400 அடியில போலீஸ் ஹெலிகாப்டர் வட்டமடிச்சு, கூரை விட்டுப்போன பசுமைக்குடிலுக்குள்ள கஞ்சாச் செடியைப் பார்த்துச்சு. தன் மேல வந்த வழக்குல, அது அத்துமீறல், அந்த ஆதாரம் செல்லாதுன்னு அவர் வாதாடினார். 1989ல 5க்கு 4ன்னு தோத்துட்டார். தோற்கடிச்ச நீதிபதிகள்ல நாலு பேர் சொன்ன காரணங்கள்ல ஒண்ணு: அளவுக்கு மீறின சத்தமோ, காத்தோ, புழுதியோ இருந்ததா வழக்குல எங்கேயும் இல்லை.

அது கஞ்சா வழக்கு, சத்தத்துக்காகப் போட்டதில்லை. ஆனாலும் ரெண்டையும் சேர்த்துப் படிச்சா ஒண்ணு புரியும். காஸ்பி கையில எத்தனை கோழி, எத்தனை அடிங்கிற கணக்கு இருந்துச்சு. ஊர்ல நாம "ஒரே இரைச்சல்பா"ன்னு சொல்லிட்டு வேலையைப் பார்க்கப் போயிடறோம். தேதியும் நேரமும் ஒரு நோட்டுல எழுதி வைக்காத வரைக்கும், சட்டத்தைப் பொறுத்தவரை அன்னிக்கு ஊர் அமைதியாத்தான் இருந்துச்சு.